செத்த செல்லுக்கு என்ன விலை?

கோவை கணபதியில் நான் தொழில் படித்த கடையில் புது பேட்டரியைவிடப் பழைய பேட்டரிக்குத்தான் மரியாதை. வாங்க வருகிறவர் வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் முதலாளி கேட்டுவிடுவார்: "பழசு கொண்டாந்திருக்கீங்களா?" இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. தராசில் ஏற்றி, கிலோ கணக்கில் கழித்துக்கொள்வோம். லாரியிலிருந்து இறக்கியதோ, இன்வெர்ட்டரின் உயரமான டியூபுலரோ, எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயத்துக்குத் தினசரி விலை உண்டு. அதனால் குப்பைமேட்டிலோ தெருவோரத்திலோ ஒரு பழைய பேட்டரி கேட்பாரற்றுக் கிடந்து நான் பார்த்ததில்லை. விற்றவரே பழசைத் திரும்ப வாங்க வேண்டும் என்று 2001-ல் மத்திய அரசு விதி போட்டது. எங்கள் கடையில் அதை யாரும் படித்ததாக ஞாபகம் இல்லை. ஈயம் விற்ற விலையே எங்களை விதிப்படி நடக்க வைத்தது.

வாங்கிப் போக இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் லைசென்ஸ், பில் எல்லாம் வைத்திருப்பவர். அவர் லாரி ஈயத் தொழிற்சாலைக்குப் போகும். இன்னொருவர் ரொக்கம் தருவார், கிலோவுக்குச் சில ரூபாய் கூடவும் தருவார். முதலாளி இருவருக்கும் விற்றார். எந்த வாரம் யாருக்கு என்பது அந்த வார விலையைப் பொறுத்தது. இரண்டாமவரின் இடத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஊருக்கு வெளியே, தென்னந்தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. கோடாலியால் டப்பாவைப் பிளந்து ஆசிட்டை மண்ணில் கவிழ்ப்பார்கள். பிளேட்டுகளை உதறி, கரி போட்ட குழியில் உருக்குவார்கள். வேலை செய்தவர்களின் குழந்தைகள் அந்த மண்ணில்தான் விளையாடின. ஈயம் ஒரு குழந்தையின் மூளையை என்ன செய்யும் என்று அன்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. 2020-ல் யுனிசெஃப் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் மேல். முறையில்லாமல் பேட்டரி உருக்குவதை அது முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. மின்வண்டிப் பேச்சு எடுத்தால், மறுசுழற்சி என்றவுடன் எல்லாருக்கும் மனசு லேசாகிவிடுகிறது. நான் முதன்முதலில் கண்ட மறுசுழற்சி அந்தக் கொட்டகைதான். பேட்டரி தவறாமல் திரும்பி வந்தது. திரும்பி வந்த வழியில் விஷம் இருந்தது. லித்தியத்தில் எனக்கு இருக்கும் கவலை வேறு: அது திரும்பி வருமா என்பதே சந்தேகம்.

மின் ஸ்கூட்டர் எங்கள் பக்கம் முதலில் வந்தபோது அதற்குள்ளும் ஈயம்தான் இருந்தது. 12 வோல்ட் பேட்டரி நான்கோ ஐந்தோ சீட்டுக்கு அடியில் அடுக்கியிருப்பார்கள். ஒன்றரை வருஷம் ஓடினால் பெரிது. மாற்றிக் கொடுத்துப் பழசை எடை போட்டுக் கழித்துக்கொள்வோம்; எங்களுக்குப் பழகிய கணக்கு. அப்புறம் லித்தியம் பேக் வந்தது. பாதி எடை, இரண்டு பங்கு ஓட்டம், உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. ஈய பேட்டரியில் மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரை விட்டால் 1.250 காட்டுகிறதா, 1.150 காட்டுகிறதா என்று செல் செல்லாகச் சொல்லிவிடலாம். லித்தியம் செல்லுக்கு மூடியே கிடையாது. கடைக்காரர்கள் பலர், "அது கம்பெனி ஐட்டம், நம்ம வேலை இல்லை" என்று கைவிரித்துவிட்டார்கள். நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தவன். மீட்டர் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இது புரியாமல் போகாது என்று தோன்றியது. தனிக் கடை போட்டபோது போர்டில் 'லித்தியம் சர்வீஸ்' என்று எழுதினேன்.

ஸ்கூட்டர் பேக் ஒன்றைத் திறந்தால், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரத்தில் உருளைச் செல்கள் வரிசையாக நிற்கும். சிலவற்றில் அதைவிடக் கொஞ்சம் பருத்த 21-70. பத்துப் பத்தாகப் பக்கத்தில் கோத்து ஒரு குழு; அப்படி 13 குழுக்களைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட். இணைப்பு முழுக்க நிக்கல் பட்டை, ஸ்பாட் வெல்டிங். எல்லாவற்றுக்கும் மேலே பி.எம்.எஸ். என்கிற காவல் போர்டு. ஒவ்வொரு குழுவின் வோல்ட்டையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று 4.2-ஐத் தாண்டினால் சார்ஜை நிறுத்தும், ஏதாவது ஒன்று கீழ் எல்லைக்கு இறங்கினால் வண்டியை நிறுத்தும். இந்த 'ஏதாவது ஒன்று' என்பதில்தான் என் பிழைப்பு இருக்கிறது.

எழுபது கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது இருபத்தைந்தில் நின்றுவிடுகிறது என்று வருவார்கள். சர்வீஸ் சென்டரில் பேக்கையே மாற்றச் சொல்லியிருப்பார்கள். புது ஸ்கூட்டர் விலையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி. திறந்து பார்த்தால் 12 குழுக்கள் 3.9 வோல்ட்டில் திடமாக நிற்கும், ஒன்று மட்டும் 2.8-ல் தொங்கும். அந்த ஒன்றைப் பார்த்து பி.எம்.எஸ். மொத்தத்தையும் பூட்டியிருக்கிறது. அந்தக் குழுவிலும் பத்துச் செல்லும் போயிருக்காது. ஒன்று நொந்திருக்கும், அல்லது நம் ரோட்டுக் குழிகளில் அதிர்ந்து அதிர்ந்து நிக்கல் பட்டை ஒன்று விட்டிருக்கும், அல்லது பி.எம்.எஸ்.ஸே அந்தக் குழுவிலிருந்து மட்டும் சொட்டுச் சொட்டாகக் கரண்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். 130 செல்லில் 120-க்கு மேல் நன்றாக இருக்கிற ஒரு பொருளுக்குத்தான் 'டெட்' என்று சீட்டு ஒட்டி அனுப்புகிறார்கள்.

சுலபமான வைத்தியம் ஒன்று உண்டு. தொங்குகிற குழுவை மட்டும் தனியாகச் சார்ஜ் செய்து மற்றவற்றின் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் வண்டி உடனே ஓடும். வாடிக்கையாளர் கும்பிட்டுவிட்டுப் போவார். இரண்டு வாரத்தில் திரும்பி வருவார். வராவிட்டால் இன்னும் மோசம். ஏன் இறங்கியது என்று தெரியாமல் ஏற்றுவது ஆபத்து. ரொம்ப நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்து அடியோடு இறங்கிப்போன செல்லுக்குள், எதிர்முனைத் தாமிரத் தகடு கரைய ஆரம்பித்துவிடும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். வெளியே பார்த்தால் செல் பளபளவென்றுதான் இருக்கும்.

எங்கள் கடையில் கிரேடிங் என்பது பொறுமை வேலை. முதலில் வெளித்தோற்றம்: துரு, கசிவு, உப்பல். பிறகு வோல்ட். பிறகு மில்லி ஓம் மீட்டரில் உள் எதிர்ப்பு. வயசான செல்லில் இது ஏறிக்கொண்டே போகும். பிறகு முழுக்க ஏற்றி, லோடு போட்டு முழுக்க இறக்கி, எத்தனை ஆம்பியர்-மணி வந்தது என்று மார்க்கரில் செல்லின் மேலேயே எழுதுவோம். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நாங்கள் அப்புறமும் முழு சார்ஜில் இரண்டு மூன்று வாரம் தட்டில் சும்மா வைத்திருப்போம். யாரும் தொடாமலேயே வோல்ட் இறங்குகிற செல்தான் துரோகி. கெப்பாசிட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை எடுத்துவிட வேண்டும். என்னிடம் வேலை கற்க வந்த டிப்ளமோ பெண், "இத்தனை நாள் வெச்சிருந்தா நமக்கு என்னங்ணா கட்டும்?" என்று கேட்டாள். கட்டாதுதான். பேக் ரிப்பேரில் லாபம் பார்க்க நினைப்பவன் முதலில் வெட்டுகிற செலவு இந்தக் காத்திருப்பு.

நொந்த செல்லுக்குப் பதிலாகப் புதுச் செல்லைப் போட்டாலும் சரிவராது. கால் தேய்ந்தவர்களுக்கு நடுவே ஓர் இளவட்டம் ஈடு கொடுத்து ஓடாது. குழுவின் சமன் மறுபடி கெடும். அதே வயசு, அதே கம்பெனிச் செல்லை இன்னொரு செத்த பேக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே எனக்குச் செத்த பேக் என்பது ஸ்கிராப் அல்ல, உதிரிப்பாகக் கிடங்கு. வண்டிக்கு ஆகாத செல்லுக்கும் வாழ்வு இருக்கிறது. புதிதில் இருந்த கொள்ளளவில் எண்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வண்டிக்கு ஆகாது என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. வண்டிக்கு எடையும் வேகமும் முக்கியம். வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற இன்வெர்ட்டருக்கு அது முக்கியமல்ல. தையல் யூனிட் ஒன்றுக்கும், சிங்காநல்லூர் பக்கம் இரவுக் கடை போடுகிற தள்ளுவண்டிகளுக்கும் இப்படிப் பழைய செல்லில் கட்டிக்கொடுத்த பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

2022 மார்ச் மாதம் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் இரவில் பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்தக் கோடையில் நாட்டின் வேறு இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. என் கடைக்கு வந்தவர்கள் பேக்கைத் தொடவே பயந்து, என்னையே கழற்றச் சொல்லிவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். பயம் நியாயமானது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகைச் செல் சூடு மீறினால், அதன் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை விடும். மண்ணைப் போட்டு மூடினாலும் உள்ளே எரிவது நிற்காது. பக்கத்துச் செல், அதற்குப் பக்கத்துச் செல் என்று தாவும். நிறையத் தண்ணீர் விட்டுக் குளிர வைப்பது ஒன்றே வழி. தீயைவிடப் புகை கொடியது. எலக்ட்ரோலைட்டில் உள்ள லித்தியம் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும். நுரையீரலை அரிக்கிற வாயு. கடையில் தின்னரும் இனிப்பும் கலந்தாற்போல் ஒரு வாடை வந்தால், எங்கோ ஒரு செல் கசிகிறது என்று அர்த்தம். அந்த வாடை வந்தால் கையில் என்ன இருந்தாலும் வைத்துவிட்டு வெளியே போ என்பதுதான் நான் பையன்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்.

அந்த விபத்துகளுக்குப் பிறகு ஏ.ஐ.எஸ்.-156 என்ற பாதுகாப்புத் தரத்தை அரசு இறுக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. பேக்குக்குள் தண்ணீர் புகக்கூடாது, ஒரு செல் பற்றினாலும் ஆட்கள் விலகிப்போக நேரம் தரும்படி எச்சரிக்கை வேண்டும், செல்களுக்கு நடுவே இடைவெளி வேண்டும். எல்லாம் தேவையானவை. பழைய, மலிவான இறக்குமதிப் பேக்குகளின் லட்சணத்தை உள்ளே பார்த்தவன் நான்; அந்தத் தரத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனிகள் அதற்குக் கண்டுபிடித்த சுலப வழி பசை. செல்களுக்கு நடுவே ரெசினை ஊற்றிக் கல்லாக்கிவிடுகிறார்கள். டப்பா மூடிக்கு ஸ்க்ரூ போய் வெல்டிங் வந்தது. பி.எம்.எஸ்.ஸில் சாஃப்ட்வேர்ப் பூட்டு. ஒரு குழுவைத் தொட்டாலும் போர்டு பிழை காட்டி நின்றுவிடும், திறக்கிற சாவி கம்பெனி லேப்டாப்பில். முன்பு அரை நாளில் திறந்து பார்த்த பேக்கை இப்போது உளியும் ஹீட் கன்னும் வைத்து இரண்டு நாள் செதுக்குகிறோம். செதுக்கும்போது உளி ஒரு செல்லில் இறங்கினால் அங்கேயே பற்றும். தண்ணீர் புகாமலும் இருந்து, திறக்கவும் முடிகிற டப்பா செய்ய முடியாதா என்ன? ரப்பர் கேஸ்கெட்டும் போல்ட்டும் போட்டு நீர்மூழ்கி மோட்டார் செய்கிற ஊர் இது. விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இன்னொரு மாற்றமும் அதே சமயத்தில் நடந்தது. என்.எம்.சி. குறைந்து எல்.எஃப்.பி. வர ஆரம்பித்தது: லித்தியம், இரும்பு, பாஸ்பேட். லேசில் பற்றாது, பற்றினாலும் அவ்வளவு வெறி கிடையாது. என்.எம்.சி. ஆயிரம் முறை சார்ஜை ஒட்டிக் களைத்தால் இது இரண்டாயிரத்தைத் தாண்டும். அமெரிக்காவில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃப் என்ற விஞ்ஞானியின் குழு இதை 1990-களில் கண்டுபிடித்தது. அதற்கு முன்பே, 1980-களில், இந்த வகை நேர்முனைப் பொருள்களுக்கு குட்இனஃபோடு சேர்ந்து வழி காட்டியவர் மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது, 97 வயதான அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவரும் இவரே. டிப்ளமோ பெண் இந்தச் செய்தியைச் சொன்ன அன்று கடையில் எல்லாருக்கும் நான் டீ வாங்கிக்கொடுத்தேன்.

எல்.எஃப்.பி. பேக் வைத்திருக்கிறவர் நிம்மதியாகத் தூங்கலாம். அதை ரிப்பேர் செய்வதும் நிம்மதி. வோல்ட்டை வைத்து எவ்வளவு சார்ஜ் என்று கண்டுபிடிக்க முடியாது என்பது ஒரு தொல்லை. நிறைந்திருந்தாலும் பாதியாய் இருந்தாலும் 3.2, 3.3 என்றே காட்டும். அதை விடுங்கள். உண்மையான சிக்கல் செல் செத்த பிறகு வருகிறது.

உக்கடத்தில் எனக்குத் தெரிந்த பழைய சாமான் வியாபாரி ஒருவர் உண்டு. முன்பெல்லாம் போன் போட்டால் "எத்தனை கிலோ?" என்று கேட்பார். இப்போது முதல் கேள்வி, "கோபால்ட்டா, இரும்புங்களா?" என்.எம்.சி. என்றால் அன்றே வண்டி அனுப்புவார். காங்கோவில் தோண்டி எடுக்கிற கோபால்ட்டும் இந்தோனேசியாவின் நிக்கலும் உள்ளே இருக்கின்றன. உலகச் சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் விலை என்று ஒன்று உண்டு. எல்.எஃப்.பி. என்றால் இழுப்பார். "அதுல என்ன இருக்குதுங்க? கொஞ்சம் செம்பு, கொஞ்சம் அலுமினியம். மிச்சம் இரும்புத் தூளு. வண்டி வாடகைக்கே பத்தாதுங்க." அவர் சொல்வது பொய்யில்லை. ஒரு யூனிட் மின்சாரம் தேக்குகிற பேட்டரியில் லித்தியம் சுமார் 100 கிராம்தான். அதைப் பிரித்தெடுக்கிற ஆலை கோவையிலிருந்து தூரம். லித்தியம் பேட்டரி ஏற்ற லாரிக்காரர்கள் யோசிக்கிறார்கள்; ஏற்றினாலும் ஒவ்வொரு முனையையும் டேப் ஒட்டி, அடுக்கி, சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். செத்த செல் எனக்கு வரவு அல்ல, செலவு.

பேட்டரி எவ்வளவுக்கு எவ்வளவு பத்திரமாகவும் மலிவாகவும் ஆகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதைத் திரும்ப எடுத்துப்போக ஆள் இல்லாமல் போகிறது. ஈயத்தின் விலை ஊரெல்லாம் தேடி அலைந்து பேட்டரியைக் கூட்டிவந்தது. இரும்பு பாஸ்பேட்டைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

ஆள் வராத பொருள் எங்கே போகும்? சிறு வியாபாரிகள் செம்புக்காகவும் அலுமினியத்துக்காகவும் மட்டும் உடைக்கிறார்கள். சார்ஜ் மிச்சம் இருந்தால் கையில் வெடிக்கும் என்பதால் உப்புத் தண்ணீர் டிரம்மில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். முனைகள் அரித்து, செல் பொத்துக்கொண்டு, ஃபுளோரைடும் உலோகக் கரைசலும் அந்தத் தண்ணீரில் இறங்கும். டிரம்மை எங்கே கவிழ்ப்பார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. நான் பல்பு லோடு போட்டு, முழுக்க இறக்கித்தான் ஓரங்கட்டுகிறேன். மெதுவான வேலை, ஆனால் சொட்டுத் தண்ணீர் கெடாது. உடைக்கவும் ஆள் இல்லாதது குப்பை லாரிக்குப் போகும். வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு கோடையில் பற்றி எரிந்து புகை மூட்டம் போடுவதைக் கோவைக்காரர்கள் பார்த்திருக்கிறோம். அந்தக் குவியலில் நசுங்கி ஷார்ட் ஆக ஒரு லித்தியம் செல் போதும்.

முறையான ஆலைக்கும் ஒருமுறை லோடோடு போய்ப் பார்த்தேன். பேக்கை இறக்கி, பிரித்து, காற்றுப் புகாத அரவையில் போட்டு நொறுக்குகிறார்கள். பிளாஸ்டிக், செம்பு, அலுமினியம் ஒரு பக்கம் பிரிந்துவிடும். மிஞ்சுவது கன்னங்கரேலென்ற தூள்; பிளாக் மாஸ் என்பார்கள். நேர்முனை உலோகங்களும் கிராஃபைட்டும் கலந்தது. அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து, ஒவ்வோர் உலோகமாக உப்பாக வடிப்பது ஒரு முறை. உலையில் உருக்குவது இன்னொரு முறை. அதில் கோபால்ட், நிக்கல் கட்டியாக இறங்கும், லித்தியம் கசடோடு போய்விடும். அமில முறையில் லித்தியம் கிடைக்கும், கூடவே கழிவுநீரில் சோடியம் சல்ஃபேட் மூட்டை மூட்டையாகச் சேரும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டைப் பார்த்த எங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டாம். ஆலையில் ஆவியாக்கி உப்பை எடுக்கும் யூனிட் வைத்திருந்தார்கள். கரண்ட் பில் அதற்கே பாதி போகிறது என்று சூப்பர்வைசர் அலுத்துக்கொண்டார். அந்த யூனிட்டை அணைத்துவைத்தால் யாருக்குத் தெரியும் என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

2022 ஆகஸ்டில் புது பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. பழைய விதியை நான் படிக்கவில்லை. இதை வரிவரியாகப் படித்தேன். செய்து விற்ற கம்பெனியே திரும்பச் சேகரிக்கவும் பொறுப்பு. மண்ணில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. ஆலைகள் மின்வண்டி பேட்டரியின் உலர்ந்த எடையில் 2024-25-ல் 70 விழுக்காடு, 2026-27 முதல் 90 விழுக்காடு பொருளை மீட்க வேண்டும். புது பேட்டரியில் 2027-28-ல் 5 விழுக்காடு மீட்ட பொருள் சேர்க்க வேண்டும், 2030-31-ல் அது 20 ஆக வேண்டும். நல்ல விதி. எடைக் கணக்கில் மட்டும் எனக்கு ஒரு நெருடல். எடையில் லித்தியம் தூசி. கனமெல்லாம் மற்ற உலோகங்களில். ஐரோப்பாவில் லித்தியத்துக்கென்றே தனியாக, 2027 முடிவுக்குள் 50, 2031 முடிவுக்குள் 80 விழுக்காடு மீட்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். அங்கே பெரிய பேட்டரிகளுக்கு 2027 பிப்ரவரி முதல் பாஸ்போர்ட்டும் உண்டு. உள்ளே என்ன கெமிஸ்ட்ரி என்று ஸ்கேன் செய்தால் தெரியும். உக்கடத்து வியாபாரியின் முதல் கேள்விக்குப் பதில், பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கும்.

நம் விதியில் 'பழுதுநீக்கிப் புதுப்பிப்பவர்' என்று ஒரு வகை இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுக்கு ஆகிற காகிதத்தையும் அலைச்சலையும் பார்த்து என்னைப் போன்ற சில்லறைக் கடைக்காரர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நான் ஆடிட்டர் ஒருவரைப் பிடித்துப் போராடிக்கொண்டிருக்கிறேன். 2025 செப்டம்பரில் முக்கியக் கனிமங்களை மீட்கும் ஆலைகளுக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை தர மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆலை வரட்டும். ஆலையின் வாசல் வரை பேட்டரியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கடைசி ஐம்பது மைலுக்கு ஒரு பைசா யாரும் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

இதற்கு வழி நீலகிரியில் இருந்து கிடைத்தது. 2022-ல், உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில், அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் அந்தப் பத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். காட்டில் யானைக் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில்களில் பெரும்பாலானவை கடைக்கே திரும்பி வந்தன. பிறகு கோவைக்கும் அந்தத் திட்டம் வந்தது. கண்ணாடிச் சில்லுக்கு விலை கிடையாது, முன்பணத்துக்கு உண்டு. காலி குவார்ட்டருக்கு இருக்கிற மதிப்பு, இருபது கிலோ எல்.எஃப்.பி. பேக்குக்கு இந்த நாட்டில் இன்னும் கிடையாது.

இப்போது நான் கட்டிக்கொடுக்கிற, ரிப்பேர் செய்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் 2,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறேன். பெட்டி மேல் கடை நம்பர், தேதி, கெமிஸ்ட்ரி மூன்றையும் பெயின்ட்டில் எழுதுகிறேன். செத்தபின் கொண்டுவந்தால் பணம் திரும்பும். ஆலைக்கு அனுப்புகிற லாரிச் செலவை முதலிலேயே கணக்குப் போட்டு ரிப்பேர் கூலியில் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன். சிலர் முகம் சுளித்துப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் சரக்கு ஆட்டோக்காரர் ஒருவர் தன் எல்.எஃப்.பி. பேக்கில் ஒரு செல் உப்பிப்போய் வந்தார். 16 செல்லில் ஒன்றை மாற்றினேன், முன்பணம் கேட்டேன்.

"ஏனுங்க, இது என் பேட்டரி. நான் எதுக்குங்க உங்களுக்குப் பணம் கட்டோணும்?"

"நாளைக்கு இது செத்தா என்ன பண்ணுவீங்க?"

"பழைய இரும்புக் கடையில போட்ருவேன்."

"அவங்க வாங்க மாட்டாங்க."

உடனே போனை எடுத்து அவருக்குத் தெரிந்த கடைக்காரரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "கோபால்ட்டா, இரும்புங்களா?" என்னைப் பார்த்தார். இரும்பு என்றேன். போனை வைத்துவிட்டு, ஐந்நூறு குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பேரம் பேச ஆரம்பித்தார். முன்பணத்தில் பேரம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். கூலியில் முந்நூறு குறைத்தேன்.